பாட்டுக்குப் பின்னே நின்றவர்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுவிழா மேடையிலே பேச வருகின்றவர் திருக்குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவது வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் இன்று சிறிது விலக எண்ணுகின்றோம். திரைப்படப் பாட்டுக்குப் பல்லியம் அமைத்தும், அதனை முன்னின்று நடத்தியும், ஆர்மோனியம் முதலிய விசைக்கருவிகளை வாசித்தும் வாழ்ந்து, 43-ஆம் வயதிலேயே மறைந்துபோன ஒரு தமிழரைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அவர் பெயர் ஆர். கே. சேகர். 'சங்க மேடையிலே இவரைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றது?' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்லுமுன், நம் சங்கத்திலேயே நிகழ்ந்த ஒரு குறையைச் சொல்லிவிடுவது முறை.

நம் விழாக்களுக்கெல்லாம் பெட்டி வாசிப்பவர் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள். பெட்டிக்கார அண்ணாச்சி என்றே அவரை அழைத்துப் பழகிவிட்டோம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே மாலைதோறும் வந்து அமர்ந்து, சுருதி சேராத குழந்தைக்குச் சுருதியைத் தாழ்த்தியும், தாளம் தவறுகின்ற குழந்தைக்குத் தொடையிலே தட்டிக் காட்டியும், அத்தனை பேரையும் மேடைக்கு ஏற்றிவிடுபவர் அவரே. சில திங்களுக்கு முன் அவர் எம்மிடம் வந்தார். முதிய கலைஞர்க்கு வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும், மேடையில் வாசித்ததற்குச் சான்றாகப் பெயர் அச்சிட்ட அழைப்பிதழ்கள் சில தேவை என்றும் சொன்னார். 'அதற்கென்ன, அண்ணாச்சி! முப்பது ஆண்டு அழைப்பிதழ்களும் நம் அலமாரியிலே இருக்கின்றனவே' என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

வரவேற்புரை கூறியவர் பெயர் இருந்தது. நன்றியுரை கூறியவர் பெயர் இருந்தது. பாடிய பிள்ளைகள் பெயர்கள் வரிசையாக இருந்தன. பந்தல் அமைத்தவர் பெயரும், ஒலிபெருக்கி கொடுத்தவர் பெயரும் அடியிலே இருந்தன. முப்பது ஆண்டு அழைப்பிதழ்களுள் ஒன்றிலேனும் பெட்டி வாசித்தவர் பெயர் இல்லை! அவற்றுட் பலவற்றின் அச்சுப்படியைத் திருத்திக் கொடுத்தவர் யாமே. அண்ணாச்சி தாள்களை அடுக்கி எம் கையிலே திரும்பக் கொடுத்து, 'போகட்டும், பிள்ளைகள் நன்றாகத்தான் பாடினார்கள்' என்று சொல்லிப் புறப்பட்டார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இன்று சேகரைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் அதுவே.

அன்பர்களே! நாம் வாழும் இப்பகுதி இரு மொழிகளின் வாயிற்படி. பாறசாலைக்குத் தெற்கே சிறிது தொலைவு நடந்தாற் களியக்காவிளை; அது தமிழ்நாடு. நெய்யாற்றின்கரைக்கு வடமேற்கே சென்றாற் பாலராமபுரம். அங்கே முன்னாளில் வள்ளியூர், நாகர்கோயிற் பக்கங்களிலிருந்து குடியேறிய நெசவாளர் வழியினர் இன்றும் தறி நெய்கின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலே நின்றது. கோடு வரைந்தவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். காதைப் பிரிக்க அவர்களால் இயலவில்லை. காலையிலே திருச்சி வானொலியும் மாலையிலே திருவனந்தபுரம் வானொலியும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தமிழ்ப் பாட்டைத் தாலாட்டாகவும், மலையாளப் பாட்டை விளையாட்டாகவும் பாடிய தாய்மார்கள் இவ்வவையிலே பலர் இருக்கின்றீர்கள்.

இம்மண்ணுக்கு விசைக்கருவியும் புதியதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே பாறசாலை இலண்டன் மிஷன் சங்கத்தின் நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்திலே 1847-இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் மலையாளக் கிறித்தவக் கீர்த்தனைகளை இயற்றிப் புகழ் பெற்றார். தேவாலயத்திலே ஆர்மோனியம் ஒலித்தது. நாடகக் கொட்டகையிலே ஒலித்தது. பின்னர்த் திருவிழாக் கானமேளையிலும் ஒலித்தது. கருநாடக இசைக்கும் இவ்வூர்கள் குறைந்தவை அல்ல. 1924-இல் பாறசாலையிலே பிறந்த பொன்னம்மாள் அவர்கள், ஆடவர் மட்டுமே பாடி வந்த திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்திலே 2006-இல் முதற் பெண்ணாக அமர்ந்து பாடியதையும், நெய்யாற்றின்கரை வாசுதேவன் அவர்களின் கச்சேரிகளையும் நாம் பெருமையோடு பேசுகின்றோம். பேசவேண்டியதே. ஆயினும், பாடியவரைப் போற்றிய நாம், பாட்டுக்குப் பின்னே இருந்தவரைக் கேட்டறிந்தோமா?

ஆர்மோனியத்தின் வரலாறே ஒரு புறக்கணிப்பின் வரலாறு எனலாம். 1842-இல் பாரிசிலே தெபேன் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். அது காலால் மிதித்துக் காற்றூட்டும் பெரிய பெட்டி. நம் நாட்டவர் தரையிலே அமர்ந்து வாசிப்பவர் அல்லரோ? ஆதலின் கல்கத்தாவிலே துவாரகநாத் கோஷ் என்பவர் அதனைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாற்றி அமைத்தார். ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் இதனிடத்திலே பிறவாது. கட்டை பிடித்த இடத்திலே சுரம் நிற்கும். இக்குறையைக் காரணமாகக் காட்டி 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அத்தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வானொலி நிலையத்தின் உள்ளே நுழையக்கூடாத அப்பெட்டியின் மீதுதான், வானொலியிலே ஒலித்த திரைப்பாடல்களுட் பெரும்பாலானவற்றின் மெட்டுகள் பிறந்தன! உலகத்தின் போக்கு இவ்வாறு இருக்கின்றது.

இனிச் சேகரிடம் வருவோம். 1933-இல் பிறந்த இத்தமிழர், தம் உழைப்பின் பெரும்பகுதியை மலையாளத் திரைப்படங்களுக்கே அளித்தார். 1964-இல் வெளிவந்த 'பழசிராஜா' என்னும் படத்துக்கு அவர் இசையமைத்தார். வயலார் இராமவர்மா பாட்டெழுதினார். ஏசுதாஸ் அவர்கள் அப்படத்திலே பாடினார். பின்னரும் பல படங்களுக்குச் சேகர் தாமே மெட்டமைத்தார். எனினும், பிறர் அமைத்த மெட்டுக்குப் பல்லியம் எழுதி நடத்தித் தரும் 'மியூசிக் கண்டக்டர்' என்னும் பணியே அவரது நாட்களை நிரப்பியது.

அப்பணி யாது என்பதைச் சற்று விளக்குவோம். மெட்டமைப்பவர் ஆர்மோனியத்தோடு அமர்ந்து பாட்டின் நடையைப் பாடிக் காட்டுவார். அது ஒற்றைக் குரலில் நிற்கும் ஓர் உயிர். அதற்கு உடம்பு வேண்டாவா? பல்லவிக்கு முன்னே எத்தனை மாத்திரை வாத்தியம் ஒலிப்பது, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே எதை நிரப்புவது, வயலின்கள் ஒரு வழியிலே செல்லும்போது புல்லாங்குழல் எவ்வழியிலே செல்வது, பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலே எக்கருவி எழுவது என்பவற்றையெல்லாம் எண்ணி, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே சுரக்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்திலே எல்லார்க்கும் முன்னே நின்று கையசைவால் அவர்களை நடத்த வேண்டும். இன்று ஒவ்வொரு கருவியையும் தனியே பதிந்து கணிப்பொறியிலே சேர்த்துக்கொள்கின்றார்கள். அந்நாளிலோ பாடகரும் வாத்தியக்காரரும் ஒருங்கே இசைக்க, ஒருங்கே பதிவாகும். கடைசி வரியிலே ஒரு வயலின் பிசகினாலும் முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அத்தனை பேருடைய மூச்சையும் ஒரு கையிலே பிடித்து நிறுத்தியவர் நடத்துநர். பதிவு முடிந்து பாட்டு ஊரெல்லாம் பரவும்போது, பாடியவர் பெயரும், மெட்டமைத்தவர் பெயரும், எழுதியவர் பெயரும் வானொலியிலே சொல்லப்படும். நடத்துநர் பெயர் சொல்லப்படுவதில்லை.

தமிழர் ஒருவர்க்கு மலையாளப் படத்திலே என்ன வேலை என்று இளைஞர் சிலர் வியக்கலாம். மலையாளத் திரையின் வரலாற்றைப் புரட்டினால் அவ்வியப்பு நீங்கும். மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய 'பாலன்' 1938-இல் வெளிவந்தது. அதனை உருவாக்கியது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் ஊமைப் படத்தை எடுத்துத் தம் செல்வத்தையெல்லாம் இழந்த ஜே. சி. தானியேல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையிலே, நேமத்திலே, மெரிலாண்டு படப்பிடிப்பு நிலையத்தை நிறுவிய பி. சுப்பிரமணியம் நாகர்கோயிலிற் பிறந்தவர். அவர் படங்களுக்குப் பாட்டெழுதிய திருநயினார்குறிச்சி மாதவன் நாயர் இன்றைய குமரி மாவட்டத்தினர். பின்னர், மலையாளப் படங்களின் ஒலிப்பதிவு பெரும்பாலும் சென்னைக் கோடம்பாக்கத்திலேயே நடந்தது. எனவே தமிழ் வாத்தியக்காரரின் விரலிலிருந்தே மலையாளப் பாட்டுப் பல பிறந்தது. இது ஒரு வழிப் பாதையும் அன்று. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிலே 1928-இல் பிறந்த எம். எஸ். விசுவநாதன் அன்றோ நம் மெல்லிசை மன்னர்! மலையாள நாட்டார் ஒருவர் நமக்குப் பாட்டளித்தார். தமிழ்நாட்டார் ஒருவர் அவர்களுக்குப் பல்லியம் அளித்தார். கொடுக்கல் வாங்கல் நேர். கணக்கிலே நாம் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதி வைத்தோம்.

சேகரின் பெருந்தன்மையை விளக்க ஒரு நட்பைச் சொன்னாற் போதும். கொச்சியைச் சேர்ந்த எம். கே. அருச்சுனன் சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். வறுமையின் காரணமாக அவரைப் பழனியிலுள்ள ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பிவிட்டனர். அங்கேதான், முருகன் மலையடிவாரத்திலே, அம்மலையாளச் சிறுவர்க்கு இசைக்கல்வி கிடைத்தது. பின்னாளில் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பெயர் பெற்று, 1968-இல் 'கறுத்த பௌர்ணமி' என்னும் படத்திலே திரையிசைக்கு வந்தார். நாடக மேடை வேறு. ஒலிப்பதிவுக் கூடம் வேறு. கோடம்பாக்கத்துப் பல்லியத்தின் நெளிவு சுளிவு அறியாத அப்புதியவர்க்குத் துணை நின்று, அவர் மெட்டுகளுக்குப் பல்லியம் அமைத்துத் தந்தவர் சேகர். தாமும் இசையமைப்பாளராக இருந்தும், மற்றொருவர் தமக்குப் போட்டியாவாரோ என்று அவர் கருதினார் அல்லர். தம் வளர்ச்சியிலே சேகர்க்குரிய பங்கினை அருச்சுனன் மாஸ்டர் முதுமையிலும் மறவாது நன்றியோடு பேசி வந்தார். தமிழகத்திலே இசை கற்ற மலையாளிக்குத் தமிழர் ஒருவர் கைகொடுத்தார் என்னும் இச்செய்தியை, எல்லையிலே வாழும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாவா?

விசைக்கருவிகளிடத்திலே சேகர்க்கு இருந்த ஆர்வம் ஆர்மோனியத்தோடு நின்றதன்று. வெளிநாட்டிலே புதியனவாக வந்த மின்விசைக் கருவிகளையும் தேடி வாங்கி, அவற்றின் ஒலியைப் பாட்டிலே சேர்த்தார். ஓய்வில்லா உழைப்பும் நோயும் அவரை விட்டுவைக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவர் மகனுக்கு வயது ஒன்பது.

குடும்பத் தலைவர் மறைந்த வீட்டிலே எஞ்சியிருந்தவை அக்கருவிகளே. அவற்றை விற்றுவிடும்படி சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவருடைய துணைவியார் விற்றாரல்லர். வாடகைக்குக் கொடுத்து அவ்வருவாயிலே பிள்ளைகளை வளர்த்தார். அன்னைமார்களே! பசி வந்த காலத்திலே கருவியை விற்காமற் காத்த அவ்வம்மையாரின் உள்ளத் துணிவை என்னென்று சொல்வது! தந்தையின் கருவியிலேயே மகன் விரல் பழகினான். தந்தையின் துணையைப் பெற்ற அருச்சுனன் மாஸ்டர், 1981-இல் 'அடிமச்சங்ஙல' என்னும் படத்திலே அச்சிறுவனை விசைக்கருவி வாசிக்க அமர்த்திக்கொண்டார். தந்தைக்குப் பட்ட நன்றிக்கடன் மகனிடம் இவ்வாறு திரும்பியது.

அம்மகன் யார் என்பதை இதற்குள் உணர்ந்திருப்பீர்கள். 1992-இல் 'ரோஜா'வின் வாயிலாகத் தமிழகத்தையும், 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகளின் வாயிலாக உலகத்தையும் தம் பக்கம் திருப்பிய ஏ. ஆர். ரகுமான் அவர்களே அவர். 'ரோஜா' வந்த அதே 1992-இல் 'யோத்தா' என்னும் மலையாளப் படத்துக்கும் அவர் இசையமைத்தார். 2024-இல் வெளிவந்த 'ஆடுஜீவிதம்' படத்துக்கும் இசையமைத்தார். தந்தை உழைத்த மொழிக்கு மகன் திரும்பி வந்ததாகவே எமக்குத் தோன்றுகின்றது. மகன் பெயரால் இன்று தந்தையின் பெயர் நினைக்கப்படுகின்றது, அது நன்றே. ஆனால், உலகப் புகழ் பெற்ற மகன் வாய்க்காத நடத்துநர்களும் பெட்டிக்காரர்களும் எத்தனை பேர்! அவர்கள் பெயரை நினைப்பார் யார்? புகழ் பெற்ற மகன் இருந்தால்தான் தந்தையின் உழைப்புக்கு மதிப்பு என்று நாம் எண்ணுவோமாயின், அது உழைப்புக்குச் செய்யும் நீதி ஆகாது.

இதிலே நமக்கு வழிகாட்டியவர் இளங்கோவடிகள். சேர நாட்டு அரச மரபிலே வந்தவர் என்று போற்றப்படும் அவரைத் தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே தம்மவர் என்று கொண்டாடுகின்றோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே, மேடையேறி ஆடுபவள் மாதவி ஒருத்தியே. ஆயின் அடிகள் அவள் ஆடலை உடனே வருணித்துவிடவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், நாட்டியத்துக்குப் பாட்டமைக்கும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்பதை வரிசையாக எடுத்துரைக்கின்றார். எக்கருவியின் பின்னே எக்கருவி தொடர்ந்து ஒலித்தது என்பதையும் சொல்கின்றார். பல்லியம் இன்றி ஆடல் இல்லை என்பதை அறிந்த பெருமகனார் அவர்! அத்தகைய நூலை நாள்தோறும் மேற்கோள் காட்டும் நம் சங்கம், பெட்டி வாசித்தவர் பெயரை முப்பது ஆண்டு மறந்தது எவ்வளவு பெரிய முரண்!

ஆதலின் அன்பர்களே, மூன்று வேண்டுகோள்களை இப்பேரவையின் முன் வைத்து எம் உரையை முடிக்கின்றோம்.

முதலாவது, இனி நம் அழைப்பிதழிலும் மலரிலும் பக்கவாத்தியம் வாசிப்போர் பெயர் பாடுவோர் பெயரோடு அச்சிடப்பட வேண்டும். மை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. இரண்டாவது, கடந்த ஆண்டுகளில் அண்ணாச்சி நம் மேடையிலே வாசித்ததை நேரிற் கண்டவர்கள் இங்கே நிறைய இருக்கின்றீர்கள். பொதுக்குழுவிலே தீர்மானம் இயற்றி, ஆண்டுகளைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் எழுதி, நீங்கள் யாவரும் கையொப்பம் இட்டுத் தர வேண்டும். அச்சிலே நாம் செய்த தவற்றைக் கையெழுத்திலேனும் திருத்துவோம். அதனை உரியவர்கள் ஏற்பார்களா என்பது பின்னர்த் தெரியும். எழுதித் தருவது நம் கடமை. மூன்றாவது, நம் குடியிருப்புப் பிள்ளைகளுள் நால்வரேனும் அவரிடம் பெட்டி பழக வேண்டும். கைப்பேசியிலே பொத்தானை அழுத்தினாற் சுருதி வருகின்ற காலம் இது. ஆனால் அழுகின்ற குழந்தைக்காகச் சுருதியைத் தாழ்த்திக் கொடுக்க அப்பொத்தானுக்குத் தெரியாது.

இன்றைய நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். பாடுவோர் பெயர்களுக்கு அடுத்த வரியிலே, ஆர்மோனியம் என்னும் சொல்லுக்கு எதிரே, முதன்முறையாக ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கின்றது. அப்பெயர்க்கு உரியவர் திரைக்கு அருகிலே பெட்டியின் உறையைக் கழற்றிக்கொண்டிருக்கின்றார். குழந்தைகளும் காத்திருக்கின்றார்கள். இனியும் பேசி அவர்களைக் காக்க வைப்பது முறையன்று.